பாலியற் கல்வி: சொல்லிக் கொடுப்பது யார்?

பருவமடையும் பிள்ளைக்கு உடலின் மாற்றங்களையும் பாலுறவையும் பற்றி எடுத்துச் சொல்லும் உரிமை யாருக்குரியது? பெற்றோருக்கா, அரசாங்கத்துக்கா? ஐரோப்பாவில் இவ்வினா நீதிமன்றம்வரை சென்றது.

1955இல் சுவீடன் பாலியற் கல்வியைப் பாடசாலைகளில் கட்டாயமாக்கியது. உலகில் அதுவே முதல் நாடு. 1970இல் டென்மார்க்கும் சட்டமியற்றியது. அங்கே அது ஏனைய பாடங்களோடு கலந்து கற்பிக்கப்பட்டதால், 'எம் பிள்ளைக்கு வேண்டாம்' என்று விலக்கிக்கொள்ள வழியில்லாது போயிற்று. மூன்று தம்பதியர் வழக்குத் தொடுத்தனர். 1976 டிசெம்பர் 7இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 6க்கு 1 என்ற வாக்கில் அவர்களது முறைப்பாட்டை நிராகரித்தது. அறிவைப் பக்கஞ்சாராது புகட்டலாம். பெற்றோரின் நம்பிக்கையை மதியாது கொள்கையைத் திணித்தலாகாது என்பது அதன் நிலைப்பாடு.

இதில் நியாயம் உண்டென்றே கருதுகிறேன். முதல் மாதவிடாயை நோயென்று எண்ணி நடுங்கும் சிறுமிக்கு, அது இயற்கையே என்று விளக்கும் ஆசிரியை எவருடைய விசுவாசத்துக்கும் ஊறு செய்வதில்லை. ஆனால் வெறும் தகவல் என்பது எவ்வளவு தூரம் இயலும்? கருத்தடையை விளக்கிவிட்டுத் திருமணத்தைப்பற்றி வாய்திறவாத ஆசிரியர், அந்த மௌனத்தாலேயே ஒன்றைப் போதித்துவிடுகிறார். (வீட்டு மௌனமும் அப்படித்தான்.)

1929இல் பாப்பரசர் 11ஆம் பத்திநாதர் இத்தகைய கல்வியின் ஆபத்தைச் சுட்டிக்காட்டி எச்சரித்தார். 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கமோ, வயதுக்கேற்ற விவேகமான பாலியற் கல்வி பிள்ளைகளுக்கு வேண்டுமென்றது.

டென்மார்க் பெற்றோர் பிள்ளைகளைத் தனியார் பாடசாலைக்கு அனுப்பலாம், வீட்டிலே தாமே வழிகாட்டலாம் என்றும் நீதிமன்றம் எடுத்துக்காட்டியது. வீட்டிலே இதைப் பேசவே கூசும் பெற்றோருக்கு அந்த உரிமையால் என்ன பயன்?