ஒரு கணத்து விளைச்சல்

பால் மரத்தோடு வாழ்ந்தவர்களுக்கு விளைச்சல் என்பது இரண்டு கணக்குகளைக் கொண்டது. அன்றைய வாளியில் சேரும் பால் ஒன்று. அம்மரம் இன்னும் எத்தனை ஆண்டு பால் தரும் என்பது மற்றொன்று. 1970களில் மலேசியத் தோட்டங்களில் எத்திபோன் என்னும் மருந்து பரவலாயிற்று. வெட்டுப்பட்டையில் அதைத் தடவினால் பால் விரைவில் உறைந்து அடைபடாமல் நெடுநேரம் வடியும். ஒரே வெட்டில் முன்னிலும் மிகுதியாகக் கிடைக்கும். அளவோடு பயன்படுத்தியவரை அது நல்ல அறிவியலே. அளவு மீறிய மரங்களிலோ பட்டை வறண்டது, பால் நின்றது. நின்றுபோன மரங்களுள் சில, வாளியை மட்டும் அளந்தவர் கணக்கில், ஒரு காலத்தில் தோட்டத்திலேயே சிறந்த மரங்களாக இருந்திருக்கும்.

வட சிலாங்கூரில் பால் மரங்கள் பெரும்பாலும் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் பல இடங்களில் வீட்டு மனைகளுக்கு வழிவிட்டது. தோட்டங்களை விட்டு வெளியேறிய குடும்பங்கள் பல இன்று புக்கிட் செந்தோசாவின் வரிசை வீடுகளில் வாழ்கின்றன. அவ்வீடுகளின் கூரைகள் நண்பகலில் கொதிக்கின்றன. மாலையில் இடியோடு கூடிய மழையில் நனைகின்றன. வெயில் அங்கே விலையின்றிக் கிடைக்கிறது. மின்சாரத்திற்கோ மாதந்தோறும் சீட்டு வருகிறது. அந்த வெயிலை இந்தச் சீட்டுக்கு ஈடாக்க வல்ல அறிவு எதுவாயினும், அது அக்கூரைகளுக்கு உரியவர்களைப் பற்றியதுமாகும்.

அத்தகைய அறிவு ஒன்று உலகெங்கும் வளர்ந்து வருகிறது. 2005இல் தொடங்கப்பெற்ற மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தின் சூரிய ஆற்றல் ஆய்வுக் கழகம் பாங்கியில் இருந்தவாறு ஈடுபட்டுவரும் துறையும் அதுவே. பெரோவ்ஸ்கைட் என்பது 1839இல் யூரல் மலையில் கண்டெடுக்கப்பட்ட ஒரு கனிமத்தின் பெயர். அதன் படிக அமைப்பைக் கொண்ட செயற்கைப் பொருள்கள் பல. அவற்றுள் காரீயமும் அயோடினும் கலந்த ஒரு வகை, கதிரொளியை மின்னாக மாற்றும் என்பதை 2009இல் சப்பானில் சுதோமு மியாசாக்காவின் குழு காட்டிற்று. அன்று கிடைத்தது 3.8 விழுக்காடு. அக்கலம் சில நிமிடங்களிலேயே சிதைந்தும் போயிற்று.

இன்று நம் கூரைகளில் காணும் பலகைகள் சிலிக்கானால் ஆனவை. கதிரொளியில் பல நிறங்கள் உண்டு. ஒவ்வொன்றும் வெவ்வேறு ஆற்றல் உடையது. சிலிக்கான் சிவப்பையும் அதற்கு அப்பாலுள்ள கண்ணுக்குத் தெரியாத ஒளியின் ஒரு பகுதியையும் செம்மையாகப் பயன்படுத்தும். நீலத்தின் மிகை ஆற்றலை வெப்பமாக வீணாக்கிவிடும். அதனால் தனிச் சிலிக்கானின் உச்சவரம்பு ஏறக்குறைய 29 விழுக்காடு. அதன்மேல் பெரோவ்ஸ்கைட்டை ஒரு மெல்லிய படலமாகப் பூசினால், நீலத்தையும் பச்சையையும் மேலடுக்கு ஏற்கும்; சிவப்பு கீழே இறங்கும். இதுவே அடுக்குக் கலம். இரண்டு அடுக்குகளும் தொடராக இணைக்கப்பட்டிருந்தால், இரட்டை மாட்டு வண்டிபோல, மெலிந்த மாட்டின் நடையே வண்டியின் நடையாகும். இத்தனை இடர்களையும் கடந்து, 2025 ஏப்பிரலில் சீனத்தின் லோங்கி நிறுவனம் 34.85 விழுக்காட்டை எட்டியது. பதினாறே ஆண்டுகளில் இது பெரும் சாதனை, ஐயமில்லை.

எனினும் அந்த எண் எதனுடையது? விரல்நகம் அளவான, ஒரு சதுர சென்டிமீட்டர்க் கலத்தினுடையது. ஆய்வுக்கூடத்தில், குறித்த வெப்பநிலையில், செயற்கை ஒளியின்கீழ், அளக்கப்பட்ட அந்த வேளையினுடையது. அது பொய்யன்று. ஆனால் அன்றைய வாளிப் பாலும் பொய்யன்றே!

அறத்தின் கேள்வி இங்கேதான் எழுகிறது. உண்மையான ஓர் எண்ணைச் சொல்லிவிட்டால் ஆய்வாளனின் கடமை முடிந்ததா? கேட்பவன் அதை வேறோர் எண்ணாக எடுத்துக்கொள்வான் என்று அறிந்தும் வாளா இருப்பது வாய்மையாகுமா?

இதற்கு அத்துறையின் வரலாற்றிலேயே ஒரு விடை இருக்கிறது. தொடக்க ஆண்டுகளில் பெரோவ்ஸ்கைட் கலங்களை அளந்தபோது ஒரு விந்தை தோன்றிற்று. மின்னழுத்தத்தை மேலிருந்து கீழாக மாற்றி அளந்தால் ஒரு விளைவு. கீழிருந்து மேலாக அளந்தால் வேறொன்று. பெரிய எண் எந்தத் திசையில் வருகிறதோ அந்தத் திசையை மட்டும் அறிவிப்பதற்குத் தடையேதும் இல்லை. 2014இல் ஆக்ஸ்போர்டின் ஹென்றி சினெய்த்தும் அவருடன் பணிபுரிந்தோரும் இம்முரணைத் தனிக் கட்டுரையாக எழுதி வெளிப்படுத்தினர். இக்கலங்களை விற்பனைக்குக் கொண்டுவர முயலும், 2010இல் தொடங்கப்பெற்ற நிறுவனத்தின் நிறுவனர்களுள் சினெய்த் ஒருவர் என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். தம் பொருளின் எண்ணையே ஐயத்திற்கு உள்ளாக்கும் செய்தியை அவர் மறைக்கவில்லை. அமெரிக்க ஆற்றல் ஆய்வகம் வெளியிட்டு வந்த உலகச் சாதனை அட்டவணையிலும் இக்கலங்களின் அருகே 'நிலைப்படாதவை' என்னும் குறிப்பு இடப்பட்டிருந்தது. 2020இல் ஆய்வாளர் பலர் கூடி, கலங்களின் ஆயுளை எவ்வாறு சோதித்து எவ்வாறு அறிவிப்பது என்பதற்குப் பொது முறை வகுத்தனர். கண்டுபிடிப்புகள் புகழப்படும் அளவுக்கு இத்தகைய செயல்கள் புகழப்படுவதில்லை.

வள்ளுவர் ஒரு செயலில் இறங்குமுன் மூன்றை எண்ணச் சொல்கிறார்: அழிவது என்ன, ஆவது என்ன, ஆகிய பின் தொடர்ந்து வரும் ஊதியம் என்ன. விழுக்காடு இரண்டாவதை மட்டுமே சொல்லும். மூன்றாவது ஆயுளைப் பொறுத்தது. சிலிக்கான் பலகைக்கு 25 ஆண்டு உறுதி தருவது வழக்கமாகிவிட்டது. பெரோவ்ஸ்கைட்டோ ஈரத்திற்கும் வெப்பத்திற்கும் புற ஊதாக் கதிருக்கும் இளைத்தது. இம்மூன்றும் புக்கிட் செந்தோசாவில் ஒரே நாளில் ஒரே கூரையின்மேல் கூடுகின்றன.

முதலாவதான அழிவு, காரீயத்தைப் பற்றியது. ஒரு சதுர மீட்டர் பரப்பில் இருப்பது ஒரு கிராமுக்கும் குறைவே. 'இவ்வளவு சிறிய அளவுக்கா அச்சம்?' என்று கேட்பவர்கள் அறியாதவர்கள் அல்லர். நிலக்கரியின் புகையோடு ஒப்பிட்டால் அவர்கள் வாதத்தில் வலுவும் உண்டு. ஆனால் படலம் சிதைந்தால் காரீய அயோடைடு மழைநீரில் ஓரளவு கரையும். கண்ணாடி உடையாதவரை தீங்கில்லை என்பது அவர்களின் உறுதிமொழி.

தோட்டத்து மக்களுக்கு இவ்வகை உறுதிமொழி புதிதன்று. பாராகுவாட் என்னும் களைக்கொல்லியைப் பற்றியும் இதுவே சொல்லப்பட்டது: முறையாகப் பயன்படுத்தினால் தீங்கில்லை. முறை என்பது கையுறை, முகமூடி, காலணி. அந்தக் கொதிக்கும் வெயிலில், தோம்பைச் சுமந்து மருந்தடித்த பெண்களின் நகமும் தோலும் கண்ணும் அம்முறையின் எல்லையைக் காட்டின. மலேசிய அரசு 2002இல் தடையை அறிவித்தது. 2006இல் அதைத் தளர்த்தியது. 2020 சனவரி முதல் நாள்தான் முழுத் தடை நடப்புக்கு வந்தது. பொருள் தீங்கற்றது என்பதற்கும், தீங்கற்ற சூழலில் மட்டுமே அது தீங்கற்றது என்பதற்கும் இடையே உள்ள தொலைவைச் சிலர் தம் உடலால் அளக்க நேர்ந்தது.

இதனால் காரீயக் கலத்தை வேண்டாம் என்று தள்ளிவிடுவதா? அது எளிய முடிவு. ஆகவே ஐயத்திற்குரிய முடிவு. மின்சாரம் எங்கிருந்தேனும் வந்தே தீரும்; நிலக்கரிக்கும் பலியாகும் ஏழைகள் உண்டு. காரீயத்திற்கு மாற்றாக வெள்ளீயத்தை முயன்று பார்க்கிறார்கள். அது குறைவாக விளைகிறது, விரைவாகவும் கெடுகிறது. பலகை உடைந்தாலும் கசியும் காரீயத்தைப் பிடித்துவைக்கும் படலங்களையும் ஆய்வாளர் செய்து காட்டியிருக்கின்றனர். கெடாவின் கூலிமில் ஃபர்ஸ்ட் சோலார் நிறுவனம் செய்யும் பலகைகளில் காட்மியம் என்னும் மற்றொரு நஞ்சு உண்டு. அந்நிறுவனம் 2005 முதலே பழைய பலகைகளைத் திரும்பப் பெற்றுப் பிரித்தெடுக்கும் திட்டத்தை வைத்திருக்கிறது. நஞ்சைக் கையாண்டவனே அதன் முடிவுக்கும் பொறுப்பேற்க முடியும் என்பதற்கு அது சான்று. அத்தகைய பொறுப்பு பெரிய மின்நிலையங்களுக்கு எளிது. தனி வீடுகளில் அது யாரைச் சேரும்?

புக்கிட் செந்தோசாவில் ஒரு வரிசை வீட்டை எண்ணிப் பார்க்கலாம். தவணையில் வாங்கிய அடுக்குக் கலப் பலகை. விற்றவன் சொன்னது 34; கூரையில் வந்தது அதனினும் குறைவு; சில மழைக்காலங்கள் கடந்தபின் இன்னும் குறைவு. தவணை முடியவில்லை. ஒரு புயல்மாலையில் மரக்கிளை விழுந்து கண்ணாடி கீறிவிட்டது. மறுநாள் காலை, பழைய இரும்பு வாங்கும் லோரி ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டு தெருவில் நுழைகிறது. அலுமினியச் சட்டத்திற்கு அவன் விலை கொடுப்பான். கண்ணாடியைச் சாக்கடையோரம் விட்டுப் போவான். வீட்டுக்காரர் ஏணியை எடுக்கிறார். அந்தக் கண்ணாடிக்கடியில் என்ன இருக்கிறது என்று அவருக்கு எவரும் சொன்னதில்லை.