அறிவிக்க அறியும் உயிர்

ஐந்து வயதாகியும் பேசாத குழந்தையின் மௌனத்தைப் பூர்வஜன்ம வினையின் பயனென்று ஏற்று அமைவதா, அன்றிப் பயிற்சியால் மாற்ற முயல்வதா, அவ்வாறு முயல்வது இறைவன் திருவுள்ளத்தை ஐயுறுவதாகுமோ என்னும் வினா, தோட்டங்களிலிருந்து பட்டணத்துக்குக் குடிபெயர்ந்த பின்னும் முருகன் சந்நிதியில் நேர்ந்துகொள்ளும் வழக்கத்தை விடாத, மலேசியாவின் குளுவாங் நகரத் தமிழர் இல்லங்களில் இன்றும் எழக்கூடியதே.

அங்கே முதலில் நினைவுக்கு வருவது குமரகுருபரர் சரிதம். பதினேழாம் நூற்றாண்டில் ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்து, ஐந்தாண்டு வரை பேசாதிருந்த அவரைப் பெற்றோர் திருச்செந்தூருக்குக் கொண்டுசென்று வழிபட, முருகன் அருளால் வாய் திறந்து கந்தர் கலிவெண்பாவைப் பாடினார் என்பர். அருள் வந்தால் தானே பேசும் என்று இதிலிருந்து முடிவு கட்டுவோர், அப்பெற்றோர் வீட்டில் வாளாவிராமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டதும் சரிதத்தின் பகுதியே என்பதை மறந்துவிடுகின்றனர்.

வாக்கைச் சூக்குமை, பைசந்தி, மத்திமை, வைகரி என நான்காக வகுக்கும் சைவ சித்தாந்தத்தில், செவிக்குக் கேட்கும் வைகரி கடைசிப் படியேயாதலின், ஒலி எழாமை ஒன்றைக் கொண்டு உள்ளே அறிவில்லை என்று துணிய இடமில்லை. பேச்சுப் பயிற்சியாளரும், குழந்தை எத்தனை சொல் பேசுகிறது என்பதோடு நில்லாமல், சொன்னதை எவ்வளவு புரிந்துகொள்கிறது என்பதையும் ஆராய்கிறார். உயிர் தானே அறிவதன்று, அறிவிக்க அறிவது என்பதும் சித்தாந்தத்தின் துணிபு. ருஷ்ய உளவியலறிஞர் வைகாட்ஸ்கி (1896–1934), பேச்சு முதலில் மனிதரிடையே நிகழ்ந்து பின்னரே உள்ளே செல்கிறது என்று, வாக்கு உள்ளிருந்து வெளியே வருவதென்னும் அத்திசையை மாற்றிக் கூறினாராயினும், குழந்தை தனியே செய்ய இயலாது, பெரியவர் துணையோடு செய்ய இயலும் அந்த எல்லையிலேதான் கல்வி பயன்தரும் என்றபோது, அறிவிப்பவர் ஒருவர் வேண்டும் என்பதில் சித்தாந்தத்தோடு ஒன்றுபடுகிறார்.

நடைமுறையில் இவ்வாறு அறிவிப்பது மிக எளியது. குழந்தை மைலோ டின்னைக் கைகாட்டியதும் எடுத்துக் கொடுத்துவிடாமல், முகம் பார்த்துச் சற்றே காத்திருந்து, "மை" என்று வந்தாலும் மகிழ்ந்து ஏற்று, "மைலோ வேணும்" என்று ஒருபடி மேலே சொல்லிக் கொடுக்கும் தாய், பக்குவம் வரட்டும் என்று காத்திருப்பதில்லை; பக்குவத்தை உண்டாக்குகிறாள். இதற்கு அவளுக்கு நன்றாக வரும் மொழியே ஏற்றது. மலாயும் ஆங்கிலமும் சூழ்ந்த ஊரில் தமிழை விட்டால்தான் பேச்சு வரும் என்பதற்கு ஆதாரமில்லை.

வினையென்று குழந்தையின் செவிபடச் சொல்வதோ கொடிது. 1939இல் அமெரிக்காவின் ஐயோவாவில், திக்காமல் பேசிய அநாதைக் குழந்தைகள் சிலரிடம் அவர்களுக்குத் திக்குவாய் வருகிறதென்று சொல்லிச் சோதித்தபோது, அவர்களிற் பலர் பேசவே கூசினர். அச்சோதனையை நடத்திய ஐயோவாப் பல்கலைக்கழகம் 2001இல் மன்னிப்புக் கோரியது.

வினைக்கொள்கை நேர்ந்ததற்குக் காரணம் கூறலாம். இன்று செய்யவேண்டியதைத் தடுக்க அதற்கு அதிகாரமில்லை. மும்மலமும் உடைய சகலராகிய நமக்கு இறைவன் மானிட வடிவில் குருவாக வந்தே உணர்த்துவான் என்பது சித்தாந்தமாதலின், நேர்த்திக்கடனுக்குக் கோயிலுக்குச் செல்லும் பெற்றோர் பயிற்சியாளரிடமும் குழந்தையை அழைத்துச் செல்வது, தாம் வேண்டிய அருளை அது வரும் வழியிலேயே எதிர்கொள்வதாகும்.