பாடம் நடந்தது, பிள்ளை படித்தானா?

ஜூன் மாதம் பிறந்துவிட்டால் நமது வீடுகளில் ஒரே பேச்சுதான். எந்தப் பள்ளியில் சேர்ப்பது? கட்டணம் எவ்வளவு? வேன் வாசலுக்கு வருமா? டை, ஷூ எல்லாம் உண்டா? இத்தனையும் கேட்கிறோம். கேட்க வேண்டிய ஒன்றை மட்டும் கேட்க மறந்து விடுகிறோம்.

சில மாதங்களுக்கு முன் சங்கரன்கோவிலில் ஒரு சகோதரரின் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். அவர் விசைத்தறித் தொழிலாளி. வயிற்றைக் கட்டி, வாயைக் கட்டி மகனுக்குக் கட்டணம் செலுத்தி வருபவர். மஃரிபுக்குப் பின் பேசிக் கொண்டிருந்தபோது, ஐந்தாம் வகுப்புப் படிக்கும் அந்தப் பையனை அழைத்து, "தமிழ்ப் புத்தகத்தை எடுத்து மாமாவுக்கு ஒரு பக்கம் வாசிச்சுக் காட்டு" என்றார். பையன் முதல் வரியில் தடுமாறினான். இரண்டாம் வரியில் நின்றே போனான். வாப்பா கையை ஓங்கினார். உம்மா ஓடி வந்து தடுத்தார். பையன் அழுதுகொண்டே சொன்னான்: "அந்தப் பாடம் போன மாசமே நடத்தி முடிச்சாச்சு வாப்பா!"

அந்தச் சொல் நம்மை உலுக்கிவிட்டது. பையன் பொய் சொல்லவில்லை. பாடம் நடந்தது உண்மை. கட்டணம் கட்டியதும் உண்மை. வருகைப் பதிவேட்டில் அவன் பெயர் இருப்பதும் உண்மை. அவன் மட்டும் படிக்கவில்லை.

குற்றம் யாருடையது?

"வீட்டில் கவனிப்பதில்லை" என்கிறது பள்ளி. "அதற்குத்தானே பணம் கட்டுகிறோம்?" என்கிறது வீடு. இருவரும் சேர்ந்து, "பையனுக்கு மூளை இல்லை" என்று பழியைப் பிள்ளையின் தலையில் போட்டுவிட்டு நிம்மதியாக உறங்கப் போகிறார்கள். வாதாட வலுவில்லாதவன் மீதே தீர்ப்பு விழுகிறது. இது நீதியாகுமா?

பிள்ளைகள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்டுள்ள அமானத். அமானத்தைப் பிறர் கையில் கொடுத்து வைத்தாலும், அதைப் பற்றிய கேள்வி நம்மை விட்டு நீங்குவதில்லை. அதை வாங்கிக் கொண்டவரும் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது. ஆகவே பள்ளியா, வீடா என்று வழக்காடுவதில் பொருளில்லை. இரு தரப்பாரும் பதில் சொல்ல வேண்டியவர்களே.

பத்ருப் போர் கைதிகளின் செய்தியை நாம் பல மேடைகளில் கேட்டிருக்கிறோம். மீட்புத் தொகை கொடுக்க இயலாத, ஆனால் எழுதப் படிக்கத் தெரிந்த கைதிகள், மதீனாவின் சிறுவர்கள் பத்துப் பேருக்கு எழுதக் கற்றுக் கொடுத்தால் விடுதலை என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஏற்பாடு செய்ததாகச் சரித்திர நூல்கள் கூறுகின்றன. கல்வியின் சிறப்புக்கு இதைச் சான்றாகக் காட்டிவிட்டு நாம் நிறுத்திக் கொள்கிறோம். இன்னும் சற்று உற்று நோக்க வேண்டும். இத்தனை நாள் பாடம் நடத்தினால் விடுதலை என்பதல்ல அந்த நிபந்தனை. பிள்ளைகள் தேர்ச்சி பெற்றால்தான் விடுதலை. அதாவது, அளவுகோல் ஆசிரியரின் உழைப்பில் இல்லை. பிள்ளையின் கல்வியில் இருந்தது. பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன் தெளிவாயிருந்த இந்த அளவுகோலை இன்று நாம் தவற விட்டுவிட்டோம்.

நல்ல பள்ளிக்கு அடையாளம்

மேல்நாட்டிலும் இந்த விவாதம் நெடுநாள் நடந்தது. 1966-இல் அமெரிக்காவில் கோல்மன் என்பவர் தலைமையில் ஒரு பெரிய அறிக்கை வந்தது. பிள்ளையின் தேர்ச்சியைத் தீர்மானிப்பதில் பள்ளியின் வசதிகளை விடக் குடும்பச் சூழ்நிலைக்கே பெரும்பங்கு உண்டு என்று அது கூறிற்று. ஏழைப் பிள்ளைக்குப் பள்ளியால் ஆவது ஒன்றுமில்லை என்று பலர் அதற்குப் பொருள் கொண்டுவிட்டனர்.

ரொனால்ட் எட்மண்ட்ஸ் என்ற கறுப்பினக் கல்வியாளர் இதை ஏற்கவில்லை. ஏழைகள் வாழும் பகுதிகளிலேயே பிள்ளைகள் நன்றாகப் படிக்கும் பள்ளிகளைத் தேடிச் சென்று, அவற்றின் தன்மைகளை 1979-இல் எழுதினார். பொறுப்பேற்று நடத்தும் தலைமையாசிரியர், எந்தப் பிள்ளையையும் ஒதுக்காமல் எல்லோராலும் முடியும் என்ற நம்பிக்கை, அச்சமில்லாத ஒழுங்கு, எழுத்து, வாசிப்பு, கணக்குக்கு முதலிடம், பிள்ளை எங்கே நிற்கிறான் என்று அடிக்கடி பார்த்துக் கொள்ளுதல். இவை தாம் அவர் கண்டவை. அதே ஆண்டில் லண்டனில் 12 உயர்நிலைப் பள்ளிகளை ஆராய்ந்த மைக்கேல் ரட்டர் குழுவினரும், ஒரே விதமான பிள்ளைகள் வந்து சேர்ந்தாலும் பள்ளி நடக்கும் முறையால் பலன் வேறுபடுகிறது என்று கண்டனர்.

இந்தப் பட்டியலில் டை இல்லை, ஷூ இல்லை, மாடிக் கட்டடமும் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

சங்கரன்கோவில் தறிக்காரருக்கு இதை நாம் விளக்க வேண்டியதே இல்லை. பாவில் ஓர் இழை அறுந்தால் அவர் என்ன செய்கிறார்? உடனே தறியை நிறுத்தி, அறுந்த இழையை எடுத்து முடிந்த பிறகே மறுபடி ஓட்டுகிறார். ஓடட்டும் என்று விட்டால் துணி வரத்தான் செய்யும். ஆனால் நெடுகிலும் ஒரு கோடு விழுந்துவிடும். இரண்டாம் வகுப்பில் அறுந்த இழையை முடியாமல் ஐந்தாம் வகுப்பு வரை ஓட்டிய துணிதான் அந்தப் பையன்.

அறுந்த இழையைப் பின்னாலும் முடிய இயலும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே சான்று உண்டு. கொரோனாக் காலத்தில் 2020 மார்ச் முதல் தொடக்கப் பள்ளிகள் மூடிக் கிடந்து, 2021 நவம்பரில்தான் திறந்தன. பிள்ளைகள் மிகவும் பின்தங்கிப் போனார்கள். அப்போது அரசு 'இல்லம் தேடிக் கல்வி' என்ற திட்டத்தைத் தொடங்கிற்று. அந்தந்தத் தெருவில் உள்ள படித்த பெண்களே பெரும்பாலும் தன்னார்வலர்களாக வந்து, மாலை நேரத்தில் பிள்ளைகளைக் கூட்டி வைத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். தமிழ்நாட்டுக் கிராமங்களில் நடந்த ஓர் ஆய்வு, பள்ளி திறந்த ஆறு மாதங்களுக்குள் பின்தங்கியதில் மூன்றில் இரண்டு பங்கு ஈடாகிவிட்டது என்றும், அந்த மீட்சியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இத்திட்டத்தினால் வந்தது என்றும் கண்டது. பட்டம் பெற்று வீட்டிலிருக்கும் நம் பெண்மக்கள் எத்தனை பேர்! ஜமாஅத் கட்டடத்தில் மாலையில் ஒரு மணி நேரம் இதைச் செய்ய எது தடை?

நமது மதரஸாவும் பள்ளிதான்

பிறரைக் குறை கூறுமுன் நமது ஓதும் பள்ளியையும் பார்ப்போம். அங்கும் "ஜுஸ்வு முடிந்ததா?" என்றுதான் கேட்கிறோம். "பிள்ளைக்கு ஓத வருகிறதா? ஓதியதன் பொருள் சிறிதேனும் தெரியுமா?" என்று கேட்பவர் சிலரே.

பிரம்பைக் கல்வியின் ஓர் அங்கமாகவே நினைப்பவர்கள் இன்றும் உண்டு. 1406-இல் மறைந்த பேரறிஞர் இப்னு கல்தூன், மாணவர்களிடம் காட்டும் கடுமை அவர்களின் ஊக்கத்தைக் கெடுத்து, பொய்க்கும் வேஷத்துக்கும் பழக்கிவிடும் என்று தம் முகத்திமாவில் எச்சரித்திருக்கிறார். பாடத்தைச் சிறிது சிறிதாக, பிள்ளையின் தகுதியறிந்து ஊட்ட வேண்டும் என்பதும் அவர் கருத்து. மாணவரைத் தம் மக்களாகவே ஆசிரியர் கருத வேண்டும் என்பது இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் போதனை.

ஆனால் உஸ்தாதை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? பள்ளிவாசலுக்குப் பளிங்குக்கல்லும் சரவிளக்கும் வாங்க ஒரே ஜும்ஆவில் பணம் சேருகிறது. மக்தபில் நம் மக்களுக்கு ஓதிக் கொடுப்பவரின் சம்பளத்தை உயர்த்தக் கூட்டம் மேல் கூட்டம் போட வேண்டியிருக்கிறது. குடும்பம் நடத்தப் போதாத சம்பளம் பெறுபவர் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பாரா, வேறு வருமானத்தைத் தேடுவாரா?

ஊர் சேர்ந்தால்

நமது பக்கத்துச் சரித்திரம் ஒன்றை நினைவூட்டுகிறோம். இன்று தென்காசி மாவட்டத்தில் இருக்கும் சங்கரன்கோவிலும், தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கும் எட்டயபுரமும் ஒரு காலத்தில் ஒரே திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்தவை. காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது 1956-இல் அந்த எட்டயபுரத்தில்தான் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு தொடங்கியது. அரசு ஒரு பங்கு தந்தது. ஊரார் ஒரு பங்கு தந்தனர். பிறகு 1958 முதல், கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு அவர்களின் முயற்சியால் ஊர்தோறும் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. ஒருவர் நிலம் தந்தார். ஒருவர் பெஞ்சு தந்தார். ஒருவர் கடிகாரம் மாட்டினார். பள்ளி சர்க்காருடையது என்று ஒதுங்கியிருந்த ஜனங்கள், இது நம் பள்ளி என்று உள்ளே வந்தார்கள்.

இன்று உள்ளே வரச் சட்டமே வழி வைத்திருக்கிறது. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி அரசுப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அரசுப் பள்ளிக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பங்கு பெண்கள். அந்தக் கூட்டங்களில் நம்மவர் எத்தனை பேர் போய் உட்காருகிறோம்?

"நாங்கள் படிக்காதவர்கள், ராத்திரி ஷிப்டு வேறு. எங்களால் என்ன முடியும்?" என்று அந்த உம்மா நம்மிடம் கேட்டார். நியாயமான கேள்வி. பாடம் சொல்லிக் கொடுக்க அவரால் முடியாமல் இருக்கலாம். ஆனால் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, "வாசி, கேட்கிறேன்" என்று சொல்ல முடியும். தடுமாறாமல் வாசிக்கிறானா, திக்குகிறானா என்று அறிய எழுத்து தெரிய வேண்டியதில்லை, காது போதும். திக்கினால் அடிக்க வேண்டாம். மறுநாள் ஆசிரியரிடம் மரியாதையோடு சென்று, "என் பிள்ளைக்கு இந்த இடத்தில் வரவில்லை, என்ன செய்யலாம்?" என்று கேட்டால் போதும். கேட்கும் தாய் ஒருத்தி இருக்கிறாள் என்று தெரிந்த பள்ளியில் அந்தப் பிள்ளை கடைசிப் பெஞ்சில் மறக்கப்பட மாட்டான்.

அன்றிரவு விடைபெறுமுன் அந்தப் பையனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முதல் வரியை எழுத்துக் கூட்டி வாசிக்கச் சொன்னோம். ஐந்து நிமிடம் ஆயிற்று. முடித்தபின் தலை நிமிர்ந்து வாப்பாவைப் பார்த்தான். அவர் கண்கள் கலங்கியிருந்தன.

ஆகவே சகோதர சகோதரிகளே! இன்று இரவு உங்கள் பிள்ளை வீடு திரும்பியதும், "என்ன பாடம் நடந்தது?" என்று கேட்காதீர்கள். "எங்கே, வாசித்துக் காட்டு" என்று அன்போடு கேளுங்கள். அடுத்த வீட்டுப் பிள்ளையையும் கேளுங்கள். நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானத்துகளை நிறைவேற்றியவர்களாய் நம்மை வல்ல அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன்.