பள்ளம் நோக்கும் நீரும் பயன் கூட்டும் முதலும்

வினையே தன் பயனைத் தரும், அதனைக் கூட்டுதற்கு ஒரு முதல்வன் வேண்டா என்பர் மீமாம்சகர் முதலாயினார். அவர் சார்பில் ஒருவர் இங்ஙனம் தடை நிகழ்த்தலாம்: ‘ஆற்றுநீர் சடம். ஆயினும் ஏவுவாரின்றித் தானே மேட்டினின்று பள்ளம் நோக்கிச் செல்கின்றது. வினையும் அவ்வாறே பயனாய்ச் சென்று சேரும் என்றால் வரும் இழுக்கென்னை?’ இத்தடை எளிதிற் றள்ளத்தக்கதன்று. வினை சடமாதலின் தானே செல்லாது என்று கூறிய அளவில் அமைவார், ஆற்றின்முன் விடையின்றி நிற்பர்.

ஆதலின் ஆற்றையே நோக்குவாம். காவிரி தோன்றும் தலைக்காவிரி கடல்மட்டத்தின்மேல் 1,200 மீட்டருக்கு மிக்க உயரத்தது. பாகமண்டலத்தை அடைதற்குள் அது 300 மீட்டருக்கு மேல் இழிந்துவிடுகின்றது. கிருட்டிணராச சாகரத்தின் நிறைமட்டம் ஏறக்குறைய 752 மீட்டர், மேட்டூரில் 240. இடையே சிவசமுத்திரத்தில் பாறையினின்று பாய்ந்து வீழ்கின்றது. அவ்வீழ்ச்சியினின்று மின்விசை எடுக்கத் தொடங்கியது 1902இல். திருச்சிராப்பள்ளியில் எஞ்சுவது நூறு மீட்டருக்குங் குறைவே. சரிவு மிக்கவிடத்து விரைவும், குறைந்தவிடத்து வண்டலும் ஏவுவாரின்றியே உளவாகின்றன. இதுகாறும் தடைகூறுவார் பக்கமே வலியுடைத்து.

முக்கொம்பில் நிகழ்ந்தது வேறு. அங்கே பிரியும் கொள்ளிடம் காவிரியினும் சரிவு மிக்கது. கடலுக்குக் குறுகிய வழியுமாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீர் அதனையே மிகுதியும் நாடிற்று. காவிரியின் தலைப்பில் மணல் மேடிட்டது. தஞ்சை வயல்கள் வாடின. நீர் தன் இயல்பிற் சிறிதும் வழுவவில்லை என்பதே ஈண்டுக் கருதற்பாலது. இயல்பின்படி ஒழுகியமையாலேயே உரிய வயலுக்கு அது சேராதொழிந்தது. 1836இல் ஆர்தர் காட்டன் மேலணை எடுப்பித்த பின்னரே காவிரி மீண்டும் பெருகிற்று.

இழிதல் நீரின் இயல்பு. பங்கிடுதல் அதன் இயல்பன்று. வினைப்பயனோ முழுதும் பங்கீடே. செய்தவனையே, உரிய காலத்தே, அவன் துய்க்கும் அளவிற் சேர்தல் வேண்டும். இன்னார் வயல் இது என்று அறியாத சடத்திற்கு அது யாங்ஙனம் கூடும்? அவ்வொழுங்கையும் வினையே அமைத்துக்கொள்ளும் எனின், முக்கொம்பு அணையை நீரே கட்டிற்று என்றலும் ஒக்கும்!

அணை கட்டினோனை இறைவனுக்கு முற்றும் ஒப்பிடுதலும் பொருந்தாது. மேலணையால் காவிரியிற் புகுந்த நீர் மிகைபட்டுப் படுகையை அரிக்கவே, பின்னர் அதனைத் திருத்த நேர்ந்தது. 2018இல் அதன் மதகுகள் சில வெள்ளத்தில் உடைந்தன. மாந்தரறிவு நீரின் போக்கைக் கண்டு கண்டு திருந்துவது, முதல்வனறிவு அத்தன்மைத்தன்று. உவமை ஈண்டு நிற்க.