குறைத்துப் பெற்றவரின் கணக்கு

பாதி நியாயம் கைக்கு எட்டும் நேரத்தில், முழுசாகத் தந்தால்தான் ஆயிற்று என்று நின்று அதையும் கைநழுவ விடலாமா? சட்டம் செய்யும் இடத்தில் உட்கார்ந்தவர்களுக்கு இது வெறும் ஏட்டுக் கேள்வி அல்ல. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து அரசியல்வாதி தாடியஸ் ஸ்டீவன்ஸ் இதை மூன்று முறை எதிர்கொண்டார். மூன்று முறையும் வெவ்வேறு விதமாக நடந்துகொண்டார்.

முதல் முறை 1838இல். பென்சில்வேனியாவின் அரசியல் சாசனத்தைத் திருத்திய மாநாடு, வாக்குரிமை வெள்ளை ஆண்களுக்கு மட்டுமே என்று முடிவு செய்தது. உறுப்பினரான ஸ்டீவன்ஸ் அதில் கையெழுத்திட மறுத்தார். அவர் கையெழுத்து இல்லாமலேயே சாசனம் நடைமுறைக்கு வந்தது. அந்த மறுப்பை மதிக்கத்தான் வேண்டும். ஆனால் ஒருவருடைய 'மாட்டேன்' எதையும் மாற்றப்போவதில்லை என்னும்போது 'மாட்டேன்' என்பது அவ்வளவு கடினமல்ல.

கடினமான சோதனை 1865 ஜனவரியில் வந்தது. அடிமை முறையை ஒழிக்கும், அமெரிக்க அரசியல் சாசனத்தின் 13ஆவது திருத்தம், ஸ்டீவன்ஸ் உறுப்பினராக இருந்த பிரதிநிதிகள் சபையில் இருந்தது; மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். இன்று விடுதலை என்பார்கள், நாளை எல்லாவற்றிலும் சமம் என்பார்கள் என்று பயம் காட்டினார்கள் எதிர்த்தரப்பினர். அதை ஸ்டீவன்ஸின் வாயிலிருந்தே வரவழைத்துவிட்டால் தயங்கி நின்றவர்கள் ஓடிவிடுவார்கள். சபையிலேயே கூர்மையான நாக்கு என்று பெயரெடுத்தவர், அன்று அளந்து பேசினார்: தாம் கேட்பது எல்லாவற்றிலும் சமத்துவம் அல்ல, சட்டத்தின் முன் சமத்துவம் மட்டுமே என்றார். ஜனவரி 31இல் 119க்கு 56 என்று திருத்தம் நிறைவேறியது. தேவைக்கு மேல் இருந்தவை இரண்டே வாக்குகள்.

மனத்தில் இருப்பதைச் சொல்லாமல் விடுவது ஒன்று, இல்லாததைச் சொல்வது வேறு. ஸ்டீவன்ஸ் அந்த இரண்டுக்கும் இடையிலான வரப்பில் நடந்தார். லட்சக்கணக்கானோரின் விலங்கு ஒருபுறம், ஒரு மனிதரின் வாய்மைப் பெருமை மறுபுறம் என்றால், பெருமையைக் காப்பாற்றிக்கொள்வதைத்தான் தன்னலம் என்று சொல்ல வேண்டியிருக்கும். ஆனாலும் இதில் ஓர் ஆபத்து உண்டு. தலைவரே குறைத்துச் சொன்னால், அந்தக் குறைந்த அளவே முழு அளவு என்று ஊர் நம்பிவிடும்.

அந்த ஆபத்துக்கு மாற்று, மூன்றாம் முறை அவர் செய்ததில் இருக்கிறது. பிறப்பால் குடியுரிமை, சட்டத்தின் சமமான பாதுகாப்பு ஆகியவற்றைத் தந்த 14ஆவது திருத்தம் 1866 ஜூன் 13 அன்று இறுதி வாக்கெடுப்புக்கு வந்தது. கறுப்பின ஆண்களுக்கு அது நேரடியாக வாக்குரிமை தரவில்லை. வாக்கை மறுக்கும் மாநிலத்துக்குப் பிரதிநிதித்துவம் குறையும் என்று மட்டும் மிரட்டியது. அந்த மிரட்டலும் கடைசிவரை செயலுக்கு வரவில்லை. ஸ்டீவன்ஸ் ஆதரித்தார், ஆனால் இம்முறை எதையும் மறைக்கவில்லை. தாம் கனவு கண்டது இதுவல்ல என்று சபையிலேயே சொன்னார். ஏன் ஏற்கிறேன் என்றால், வாழ்வது தேவதைகளோடு அல்ல, மனிதர்களோடு என்றார். குறைத்துப் பெறுபவர், மீதி பாக்கி இருக்கிறது என்று எல்லோரும் கேட்கச் சொல்லிவிட்டுப் பெறும்போது சமரசம் சரணாகதி ஆகாமல் தப்புகிறது. 1865இன் மௌனத்தைவிட இதை உயர்வாக மதிப்பதற்குக் காரணம் இதுதான்.

இருந்தாலும் கணக்கு முடியவில்லை. பாதியோடு பொறுத்துக்கொள்ளலாம் என்று முடிவெடுத்தவர் வேறு, மீதிக்காகக் காத்திருந்தவர்கள் வேறு. ஸ்டீவன்ஸ் 1868 ஆகஸ்டில் இறந்தார்; இனத்தின் பெயரால் வாக்கை மறுக்கக் கூடாது என்ற 15ஆவது திருத்தம் 1870இல்தான் வந்தது. அதற்குப் பிறகும் தென் மாநிலங்கள் வாக்களிக்க வரி, எழுத்தறிவுத் தேர்வு என்று புதுப்புது முட்டுக்கட்டைகள் போட்டன. பிரதிநிதித்துவத்தைக் குறைப்பதாக மிரட்டிய, 14ஆவது திருத்தத்தின் அதே இரண்டாம் பிரிவு, வாக்காளரைக் குறிக்க 'ஆண்' என்ற சொல்லை அமெரிக்க அரசியல் சாசனத்துக்குள் முதன்முறையாகக் கொண்டுவந்தது. பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடிய எலிசபெத் கேடி ஸ்டாண்டன், சூசன் பி. அந்தோணி போன்றவர்கள் கொதித்தெழுந்தார்கள். அவர்களைக் கேட்டு யாரும் அந்தச் சமரசத்தைச் செய்யவில்லை. அதற்கான விலையைப் பெண்கள், தங்களுக்கு வாக்குரிமை கிடைத்த 1920வரை கட்டினார்கள்.