நோக்கம் விலைப்பொருளாதல்



உயிர் தான் சார்ந்ததன் வண்ணமாம் இயல்பிற்று என்பது சித்தாந்த நூல்களின் துணிபு. பளிங்கு தன்னை அடுத்த நிறத்தைக் காட்டுமாறுபோல, உயிரும் தன்னை அடுத்ததனைத் தன்னிற் காட்டும். ஆகலின் ஓருயிர் நாள்தோறும் எதனை நோக்கி நிற்கின்றது என்பது சிறிய வினாவன்று. இக்காலத்தில் அந்நோக்கமே வாணிகப் பண்டமாயினமையின், அதுபற்றிச் சில கூறத் துணிந்தோம்.

செய்தி மிகுங்கால் அதனைக் கொள்வோரது கவனம் அருகும் என்பதனை அமெரிக்க அறிஞர் ஹெர்பெர்ட் சைமன் 1971-இலேயே எடுத்துக்காட்டினார். அருகிய பொருளுக்கு விலை ஏறுதல் அங்காடி இயல்பு. பேஸ்புக், இன்ஸ்டாகிராம் முதலியவற்றையுடைய மெட்டா நிறுவனம் 2023-ஆம் ஆண்டில் ஈட்டிய வருவாய் ஏறக்குறைய 13,490 கோடி டாலர்; அதனுள் 13,100 கோடிக்கு மேற்பட்டது விளம்பரத்தால் வந்தது. காண்போரிடம் பெரும்பாலும் காசு பெறாத அக்கடையில் விற்கப்படுவது யாது? காண்போரது நோக்கமே. அது நீங்காதிருத்தற்கு உபாயங்களும் வகுக்கப்பட்டன. பக்கத்திற்கு முடிவு உளதாயின் படிப்போன் ஆண்டு நின்று, போதுமோ என எண்ணுவான். 2006-இல் ஏசா ராஸ்கின் என்பார் அமைத்த முடிவில்லாச் சுருள் அவ்வெல்லையை அகற்றிற்று. பின்னர் அவரே அதற்கு இரங்கினார். 2009-இல் பேஸ்புக்கில் விருப்பக்குறி புகுந்தது, புகழ் எண்ணிக்கையாயிற்று.

ஈண்டு ஒருசாரார், "கத்தி கனியையும் அரியும், கையையும் அரியும்; குற்றம் கொள்வோனதே, கருவியினதன்று" என்பர். அற்றன்று. கத்தி தன்னைப் பற்றிய கையின் வேட்கையை ஆராய்ந்து, நாளையும் அக்கை தன்னைப் பற்றுமாறு உருமாறுவதில்லை. இக்கருவியோ அவ்வாறு மாற்றப்படுகின்றது. இதன்பின்னே வேறொரு கருத்தாவின் எண்ணம் நிற்கின்றது. ஆகலின் குற்றம் இருபாலும் பகுக்கற்பாலது.

அற்றேல், இவையெல்லாம் தள்ளத்தக்கனவோ எனின், அன்று. மாயை தரும் கருவிகள் விடியுமளவும் ஏற்றிய விளக்குப்போல உயிர்க்கு உதவுவன என்பதே நம் கொள்கை. புதுச்சேரியிலுள்ள ஏறக்குறைய 11,000 சைவச் சுவடிகள் 2005-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன. அத்தொகுதியின் நூல்கள் பல இன்று மின்படிகளாய்க் கடல் கடந்தும் கற்பார்க்கு எட்டுகின்றன. விளக்குப் பழுதன்று, விளக்கையே நோக்கிப் பொருளை மறத்தல் பழுது.

பிறரைக் கூறுதற்குமுன் எம்மைக் கூறுவோம். எமது சொற்பொழிவொன்று யூடியூபில் ஏற்றப்பட்ட அன்றிரவு, ஐந்தெழுத்தை எண்ணவேண்டிய பொழுதில் கண்டோர் தொகையை எண்ணியிருந்தோம். பேசிய பொருளோ ஆணவமல நீக்கம்! மறுமுறை பேச அமர்ந்தபோது, மிகப்பலர் நின்று கேட்ட பகுதியையே நீட்ட மனம் அவாவிற்று. அவையறிந்து பொருளை உரைத்தல் வேறு. அவையின் தொகைக்கேற்பப் பொருளை வளைத்தல் வேறு. பூசையும் பாடமும் ஒளிபரப்பப்படும் இந்நாளில் இவ்வேறுபாடு மறக்கப்படின், நாம் கருவியைக் கொண்டோமல்லேம். கருவி நம்மைக் கொண்டதாம்.

ஆதலின், அனுட்டான காலமும் பாடங்கேட்கும் பொழுதும் இக்கருவி புகாத எல்லைகளாக மடங்களில் வகுக்கப்படுக. தொகையை நோக்கும் வேலையை உரைத்தவர் கொள்ளாது பிறர்பால் விடுக. காட்டக் காண்பது உயிர், காட்டுவோன் இறைவன். இதனை மறவாதார் எத்திரையின் முன்னிருப்பினும் தம் நோக்கினை விலைக்கு விடார்.

திருச்சிற்றம்பலம்.