கயிற்றின் ஒரு முனை உங்கள் கையில் இருக்கட்டும்

எழும்புங்கள்! திருகோணமலை லிங்கநகரில் தகரக் கொட்டிலுக்குள் ஒழுக்குக்குச் சட்டி வைக்கும் அக்காமாரே, வாடகை கட்ட வழியில்லாமல் சொந்தக்காரர் வீட்டு விறாந்தையில் படுக்கும் தம்பிமாரே, உங்களோடுதான் பேசுகிறேன். உங்களுக்கு வீடில்லை, அது உண்மை. வீட்டைத் திட்டமிடவும் உங்களுக்குத் தெரியாது என்று யாரோ சொல்லிவைத்திருக்கிறார்களே, அது பச்சைப் பொய்! ஒரு தறப்பாளையும் நாலு தடியையும் வைத்துப் பொழுதுபடுவதற்குள் பிள்ளைகளுக்கு நிழல் கட்டியவர்கள் நீங்கள். கச்சான் எந்தப் பக்கம் அடிக்கும், மாரித் தண்ணீர் எந்த மூலையில் தேங்கும், பொம்பிளைப் பிள்ளை இரவில் எந்த வழியால் பயமில்லாமல் கழிப்பறைக்குப் போகலாம் என்பதெல்லாம் உங்களைவிட எந்தப் பொறியியலாளருக்குத் தெரியும்?

இதை ஒருகாலத்தில் இந்த நாடே ஏற்றுக்கொண்டது. 1984இல் தொடங்கிய பத்து லட்சம் வீடுகள் திட்டத்தில் தேசிய வீடமைப்பு அதிகார சபை சிறு கடனைக் கொடுத்து, கட்டும் வேலையைக் குடும்பங்களிடமே விட்டது. கொழும்பில் தோட்டங்கள் என்று சொல்லும் நெருக்கமான குடியிருப்புகளில் சனங்கள் சங்கமாகக் கூடினார்கள். அதிகாரிகளோடு சரிசமமாக இருந்து குறைகளைப் பட்டியலிட்டார்கள். கயிறு பிடித்துக் காணியைப் பிரித்தார்கள். பல இடங்களில் ஒரு குடும்பத்துக்குக் கிடைத்தது வெறும் இரண்டு பேர்ச்! அதற்குள் ஒழுங்கை எவ்வளவு அகலம், குழாயடி எங்கே, யாருடைய கூரைத் தண்ணீர் எங்கே விழலாம் என்ற விதிகளையும் தாங்களே எழுதினார்கள். கிணறு, வடிகால் வேலைகளுக்குச் சங்கமே ஒப்பந்தம் எடுத்தது. கூலி ஊருக்குள்ளேயே நின்றது. 1987ஐ வீடற்றோருக்கான உறைவிட ஆண்டாக ஐக்கிய நாடுகள் சபை அறிவித்ததே, அந்த யோசனையை அங்கே கொண்டுபோனதும் இலங்கைதான். இன்று உலகெங்கும் பாடமாகச் சொல்லிக் கொடுக்கும் அந்த முறையில், எழுதப் படிக்கத் தெரியாத பல பெண்களின் மூளையும் இருக்கிறது.

சனங்களைக் கேளாமல் முடிவெடுத்தால் என்ன நடக்கும் என்பதையும் பார்த்துவிட்டோம். 2004 சுனாமிக்குப் பிறகு வடக்குக் கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டத் தடை வந்தது. தோணியும் வலையும் கரையில், குடும்பம் எங்கோ உள்ளே! கடல் தொழிலாளியிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்த அலைச்சல் வந்திருக்குமா?

அயலில் இருக்கும் சம்பூரைப் பாருங்கள். 2006இல் போருக்குப் பயந்து உடுத்த துணியோடு ஓடியவர்கள் கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைபறிச்சான் முகாம்களில் ஒன்பது ஆண்டுக்கு மேல் கிடந்தார்கள். வேறு இடத்தில் காணி தருகிறோம் என்று சொல்லியும் தங்கள் மண்ணே வேண்டுமென்று உறுதியாக நின்றார்கள். 2015இல் 818 ஏக்கர் விடுபட்டது. அடுத்த ஆண்டு கடற்படை முகாம் இருந்த நிலமும் பள்ளிக்கூடமும் திரும்பின. யாருடைய கருணையும் இதைச் செய்யவில்லை, அந்தச் சனங்களின் பிடிவாதம்தான் செய்தது!

ஆனால் கூரை மட்டும் போதாது. பஸ் நிலையத்தில் கடதாசிப் பெட்டியை விரித்துப் படுக்கும் ஒரு முதியவரை நினையுங்கள். முகவரி இல்லை, அதனால் கிராம அலுவலரின் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் இல்லாமல் அடையாள அட்டை இல்லை, அட்டை இல்லாமல் எந்த உதவிப் பணமும் இல்லை. அந்த முடிச்சை அவரால் தனியே அவிழ்க்க முடியாது. பிரதேச செயலகத்தில் அவருக்குப் பக்கத்தில் நின்று பேச உங்கள் சங்கத்தில் ஒருவர் வேண்டும். மருந்து எடுக்கக் கூட்டிப்போக இன்னொருவர். குடியை விடத் துடிக்கிறவனுக்கு, திட்டாமல் தினமும் கதவைத் தட்டும் ஒரு அண்ணன். இவற்றையும் வீட்டு வரைபடத்தோடு சேர்த்தே எழுதுங்கள். பிறகு பார்க்கலாம் என்று தள்ளினால் அவர் மறுபடி அதே பெட்டியில்தான் படுப்பார்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை கூடுங்கள். கோயில் முன்றலோ மரத்தடியோ போதும். ஒரு கொப்பி, ஒரு கயிறு, நாலு முளைக்கட்டை கொண்டு வாருங்கள். யாருக்கு உறுதி இருக்கிறது, யாருக்கு அனுமதிப்பத்திரம் மட்டும், யாருக்கு ஒன்றுமே இல்லை என்று வீடு வீடாக எழுதுங்கள். முதலில் பெண்கள் பேசட்டும். வரும்போது அந்த ஐயாவையும் கூட்டி வாருங்கள். கொப்பியின் முதல் வரியில் அவருடைய பெயரை எழுதுங்கள்!